ஸ்க்ரூ ஓட்டையைச் சும்மா விடாதீர்கள்

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில் மாநில எல்லை இருப்பது கடலுக்குத் தெரியாது. எங்கள் பட்டறைக்கு இரண்டு பக்கத்து வள்ளங்களும் வரும். இப்போது வருவதில் பல, 2004 சுனாமிக்குப் பிறகு கரைக்கு வந்த ஃபைபர் வள்ளங்கள். வயது இருபதை ஒட்டிவிட்டது. ஃபைபர் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. கெட்டுப்போவது அதற்குள் இருக்கும் மரம்தான். அதைக் கெடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டை வழியாகத்தான் போகிறது.

போன பங்குனியில் ஒரு தம்பி வந்தார். "அண்ணே, பின்னால இன்ஜின் மாட்டுற பலகைத் தகட்டுல ஸ்க்ரூ லூசாயிட்டு. ஒரு நம்பர் கூட்டிப் போட்டுத் தந்தாப் போதும்."

"கழற்றிப் பார்ப்போம் மக்கா" என்றேன். ஸ்க்ரூவின் தலை பளபளவென்று புதிது போல இருந்தது. உள்ளே இருந்த பாகமோ அரித்து ஊசியாக மெலிந்திருந்தது. ஓட்டையிலிருந்து கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் சொட்டியது. கம்பியை விட்டுக் கிண்டினால் மரம் நனைந்த புட்டு மாதிரி உதிர்ந்தது. இதில் பெரிய ஸ்க்ரூ எதைப் பிடிக்கும்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற பேச்செல்லாம் காற்றுப் படும் இடத்தில்தான். அதைக் காக்கும் மெல்லிய படலம் நிலைக்க ஆக்ஸிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈர மரத்துக்குள் உப்புத் தண்ணீரோடு கிடந்தால் உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டீலும் அரிக்கும்; சாதாரண 304 ரகம் இன்னும் சீக்கிரம்.

ஓட்டையில் தீக்குச்சியைத் திணித்து ஸ்க்ரூவை ஏற்றுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குச்சியும் தண்ணீரைத்தான் குடிக்கும்.

முதலில் சுத்தியல் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் நல்ல மரம், மந்தமாக 'தொப்' என்றால் உளுத்த மரம். மரம் நன்றாக இருந்தால் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இருந்த ஓட்டையை 9 அல்லது 10 மில்லிமீட்டருக்குத் துளையுங்கள், மறுபக்கத்து ஃபைபரைத் துளைக்காமல். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்படும் இடமே இதுதான். ஈர மரத்தில் எந்த ரெசினும் (இறுகும் பிசின்) ஊறாது. ஆனி, ஆடி மழையில் இந்த வேலையை எடுத்தால் பாதிதான் தேறும்.

காய்ந்ததும் தண்ணியான எபாக்ஸி ரெசினைத் தடவுங்கள். மரம் குடிக்கக் குடிக்க, இனி வேண்டாம் என்னும் வரை விட வேண்டும். அப்புறம் அதே எபாக்ஸியில் சிலிக்கா பவுடர் கலந்து கெட்டிச் சட்னிப் பதத்தில் சிரிஞ்சில் ஏற்றி, ஓட்டையின் அடியிலிருந்து மேலே நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். இறுகியபின் நடுவில் சிறிய பிட்டால் துளைத்து ஸ்க்ரூவை ஏற்றலாம். இனி தண்ணீர் கசிந்தாலும் எபாக்ஸியோடு நின்றுவிடும், மரத்தைத் தொடாது. ஓட்டையின் வாயைக் கொஞ்சம் சரித்துவிட்டால் ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் நட்சத்திரம் போல விரிசல் விடாது, சீலன்ட் தங்கவும் இடம் கிடைக்கும்.

வள்ளத்து ஃபைபரில் இருக்கும் பழைய பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. இழுவை வாங்கும் இடத்தில் ஸ்க்ரூவே வேண்டாம். போல்ட்டை ஊடே விட்டுப் பின்னால் அகல வாஷரோ தகடோ வையுங்கள்.

விளிம்பு மரம் மாற்றுகிறவர்கள் நம் ஊர் அயினியையே போடலாம், நன்றாகக் காய்ந்ததாக இருந்தால். மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து மாட்டுவது பெரிய தப்பு. அடிப்பக்கம், ஓட்டைகள், முக்கியமாக அறுத்த முனைகள் எல்லாவற்றுக்கும் மாட்டுவதற்கு முன்பே பூச வேண்டும். மரம் அதிகமாகக் குடிப்பது முனை வழியாகத்தான்.

பாலியஸ்டர் ரெசினில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று: ரெசின் இறுகச் சேர்க்கும் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால்கூடப் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாத யாரையும் என் பட்டறையில் டப்பாவைத் தொட விடுவதில்லை.

அந்தத் தம்பியின் பலகை ஓட்டை அடைக்கும் நிலையைத் தாண்டியிருந்தது. உள்பக்க ஃபைபரை அறுத்து, உளுத்ததைக் கோரி எடுத்து, ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட் வைத்து மறுபடி ஃபைபர் போட்டோம். அவர் அவ்வளவு நாளும் தொழிலுக்குப் போகவில்லை. முதல் ஸ்க்ரூ ஆடிய அன்றே வந்திருந்தால் மரம் காய்ந்த பிறகு இரண்டு நாள் வேலைதான்.