கடல்லயே வாழ்ந்தும் கடல்ல உக்காராத ஆலா

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கமா கரை ஏறி, நகராம நின்னு மழையைக் கொட்டுச்சே, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு வீராம்பட்டினம் கடற்கரையில ஒரு பறவை தொப்பலா நனைஞ்சு கிடந்துச்சு. முதுகு நல்ல கருப்பு, வயிறு வெள்ளை, நெத்தியில ஒரு வெள்ளைப் பட்டை. சின்னப் பசங்க ரெண்டு பேர் அதைத் தூக்கிட்டு அலைக்கிட்ட போனாங்க, கடல் பறவைதானே, கடல்லயே விட்டா பொழைச்சுக்கும்னு. எங்க சித்தப்பா நாப்பது வருஷமா கடலுக்குப் போறவர், தூரத்துலயே சத்தம் போட்டாரு: "டேய் டேய், ஆலாடா அது, தண்ணில விட்டா ஊறிச் செத்துரும்!"

ஏன் சித்தப்பான்னு கேட்டேன். "அது தண்ணில உக்காந்து நான் பாத்ததே இல்ல. கட்டை கிட்டை மிதந்தா அதுல உக்காரும், ஆமை முதுகுல உக்காரும், அவ்வளவுதான்"னாரு.

அதுக்கப்புறம் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன், அவர் சொன்னது அப்படியே உண்மை. ஆலாவுல நிறைய வகை இருக்கு, ஊசுட்டேரியில குளிர்காலத்துல தண்ணிக்கு மேல சுத்துற மீசை ஆலாவை இங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அன்னிக்குக் கிடந்தது நடுக்கடல் ஆலா, இங்கிலீஷ்ல சூட்டி டேர்ன்னு சொல்றது, சாதாரணமா கரைப் பக்கமே வராது, புயல் தள்ளிட்டு வந்தாத்தான் நம்ம கண்ணுல படும். வாத்துக்கு இறகுல தண்ணி ஒட்டாது, உருண்டு ஓடிடும். இந்த ஆலாவோட இறகுல அந்தத் தன்மை ரொம்பக் கம்மி, கொஞ்ச நேரம் தண்ணில இருந்தாலே இறகு ஊறி கனமாயிடும், அப்புறம் எழும்பவே முடியாது. கடல்லயே பொழப்பு நடத்துற ஒரு பறவைக்கு இப்படி ஒரு உடம்பு அமைஞ்சிருக்கேன்னு நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கல.

அப்போ அது எப்படித்தான் சாப்பிடுது? சூரை மீனை வச்சுத்தான். சூரைக் கூட்டம் அடியிலேர்ந்து துரத்தும்போது பொடி மீனும் கணவாயும் தப்பிக்க மேல வந்து துள்ளும், ஆலா தாழ்வா பறந்து வந்து அலகால மட்டும் லபக்குன்னு எடுத்துக்கிட்டுப் போயிடும், உடம்பு நனையவே நனையாது. நம்மாளுங்க இதைத் திருப்பிப் படிக்கிறாங்க, தூரத்துல ஆலா கூட்டமா சுத்துனா கீழ சூரை இருக்குன்னு போட்டை அந்தப் பக்கம் திருப்புவாங்க. சூரையை ஒரேயடியா அள்ளிட்டா ஆலாவுக்கும் சோறு இல்லங்குறது இதுலேர்ந்தே புரியும்.

சீஷெல்ஸ் நாட்டுல பேர்ட் ஐலண்ட்னு ஒரு தீவு, அங்க கூடு வைக்கிற இந்த ஆலாக்களோட கால்ல குட்டியா ஒரு கருவியை மாட்டி விட்டாங்க, வெளிச்சத்தை வச்சு இடத்தையும், கால் உப்புத் தண்ணியைத் தொடுதான்னும் அது பதிவு பண்ணிக்கும். 2017ல முடிவு வந்துச்சு. கூடு வைக்காத மாசங்கள்ல அதுங்க தண்ணியைத் தொட்ட நேரம் மொத்த நேரத்துல 4 சதவீதம் கூட இல்ல, வருஷத்துக்கு ஒரு பறவை சராசரியா 50,000 கிலோமீட்டர் பறந்திருக்கு. எடை என்னவோ 200 கிராம் சுமார்தான்! குஞ்சு பறக்கக் கத்துக்கிட்டுத் தீவை விட்டுப் போனா, திரும்பி நிலத்துல கால் வைக்கப் பல வருஷம் ஆகும், முதல் முட்டை வைக்கிற வயசே நாலுலேர்ந்து பத்து. பணத்துக்கு ஆலாப் பறக்குறான்னு சொல்றோமே, இந்தப் பறவையைப் பார்த்த யாரோதான் அதைச் சொல்லியிருக்கணும்னு நான் நம்புறேன்.

குடிக்கிறதுக்கு? கடல் தண்ணியேதான். கண்ணுக்கு மேல ரெண்டு உப்புச் சுரப்பி இருக்கு, ரத்தத்துல சேருற உப்பை இழுத்து, கடல் தண்ணியை விட கரிப்பான ஒரு திரவமா மூக்கு வழியா வெளிய விட்டுடும். கடல் பறவைகளுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு 1950களோட கடைசியில க்நூட் ஷ்மிட்-நீல்சன்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு.

என்னை ரொம்பப் பிடிச்சு இழுத்தது இன்னும் பழைய ஆராய்ச்சி. 1907ல ஜான் வாட்சன்னு ஒருத்தர், பின்னாடி உளவியல்ல நடத்தைவாதம்னு ஒரு பிரிவையே ஆரம்பிச்சவர், அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குத் தள்ளி இருக்குற ட்ரை டோர்டுகாஸ் தீவுகள்ல பேர்ட் கீங்குற திட்டுல போய் உக்காந்துட்டாரு. அங்க ரெண்டு வகை ஒண்ணா கூடு வைக்கும், இந்தக் கருப்பு முதுகு ஆலா வெறும் தரையில ஒத்தை முட்டை போடும், அதோட சொந்தக்காரப் பறவை, இங்கிலீஷ்ல நாடி (noddy)ன்னு பேரு, அது புதர் மேல குச்சியை அடுக்கிக் கூடு கட்டும். நாடி உடம்பெல்லாம் பழுப்பு, உச்சந்தலை மட்டும் வெளுப்பு, ஜோடி சேரும்போது ஒண்ணுக்கொண்ணு தலையை ஆட்டிக்கும், அது தண்ணில உக்காந்து ஓய்வெடுக்கவும் செய்யும். வாட்சன் ரெண்டு வகையிலயும் சிலதைப் பிடிச்சு பெயின்ட்டால அடையாளம் வச்சு, கூண்டுல போட்டு, கப்பல்ல ஏத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல வடக்கால இருக்குற கேப் ஹேட்டராஸ் கிட்ட கொண்டு போய் விட்டாரு. நாடியெல்லாம் சாதாரணமா அவ்வளவு வடக்க போற பறவையே இல்ல. ஆனா சில நாள்லயே அடையாளம் வச்ச பறவைங்க திரும்பி வந்து அதே கூட்டுல உக்காந்திருந்துச்சு. கூண்டுல அடைச்சுக் கொண்டு போயும் கூட்டுக்கு வழி கண்டுபிடிச்சு வந்துருக்கு பாருங்க! அந்தத் திட்டே பின்னாடி 1930கள்ல அலை அரிச்சுக் கடலுக்குள்ள போயிடுச்சு, பறவைங்க பக்கத்துல புஷ் கீங்குற திட்டுக்கு மாறிடுச்சு.

கரையோர ஆலாக்களை வச்சு 2021ல வந்த ஒரு ஆய்வும் எனக்குப் பிடிச்சது. வட அயர்லாந்துல கடல் நீரோட்டம் வேகமா போற ஒரு இடத்துல டிரோன் பறக்கவிட்டு, ஆலா எங்க பறக்குது, கீழ தண்ணி எப்படிச் சுழலுதுன்னு கம்ப்யூட்டர் வச்சு ஒண்ணா கணக்குப் பண்ணாங்க. தண்ணி சுழிச்சுக் கொதிக்கிற மாதிரி மேல பொங்கி வர்ற இடத்தைத்தான் அது தேடிப் போகுது, ஏன்னா அந்த ஓட்டம் மீனை மேல தள்ளும். தாழங்குடாவுல பெண்ணையாறு கடல்ல கலக்குற முகத்துவாரத்துல ஆலா எங்க சுத்துதுன்னு இனிமே கவனிச்சுப் பாருங்க, கீழ தண்ணி எப்படிப் போகுதுன்னும் பாருங்க.

அன்னிக்குக் கிடந்த ஆலாவை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில பழைய துண்டு விரிச்சு வச்சோம், வாயில தண்ணி எதுவும் ஊத்தல, இருட்டா அமைதியா விட்டுட்டு வனத்துறைக்குச் சொன்னோம். வெள்ளத்துல ரோடெல்லாம் மூழ்கி அவங்களால உடனே வர முடியல. மறுநாள் மத்தியானம் வெயில் வந்துச்சு, இறகு காஞ்சு உள்ள படபடன்னு அடிச்சுக்கிச்சு, சித்தப்பா பெட்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போய்த் திறந்தாரு. ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல போச்சு, அலைக்கு மேல தாழ்வா இறங்குச்சு, தண்ணியைத் தொடாம அப்படியே கிழக்கால போயிடுச்சு.