நள்ளிரவில் போனை அணைக்கச் சொல்லும் அந்தச் செய்தி

போன வாரம் மன்னார்குடியிலிருந்து அத்தை போன் செய்தபோது ராத்திரி பதினொரு மணி. "தம்பி, பன்னிரண்டரையிலேர்ந்து மூணரை வரைக்கும் செவ்வாயிலேர்ந்து கதிர் வருதாம், போனை அணைச்சுத் தள்ளி வைக்கணுமாம். நெசமாப்பா?"

பொய், அத்தை. பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய். செயற்கைக்கோள்கள் அனுப்பும் மின்னூட்டத் துகள் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் உறுதியாகச் சொல்கிறேன். செவ்வாய்க்குப் பூமியைப் போல முழுக்கோள் காந்தப்புலமே கிடையாது, துகள்களைப் பிடித்துவைக்கும் கதிர்வீச்சு வளையமும் கிடையாது. வியாழனுக்கு உண்டு, பயங்கரமானது, ஆனால் அது அங்கேயே இருக்கிறது.

நம் பூமிக்கும் உண்டு. போரடிக்கும் களத்தில் மாடு சுற்றிச் சுற்றி வருமே, அப்படி எலக்ட்ரானும் புரோட்டானும் காந்தக் கோடுகளைச் சுற்றியபடி வடக்கும் தெற்குமாக ஓடித் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. உள் வளையம் சுமார் 1,000 கி.மீ. உயரத்தில் தொடங்குகிறது, வெளி வளையம் 60,000 கி.மீ. வரைகூடப் போகும். அங்கிருந்து கசிந்து இறங்குபவையும் மேல்வளிமண்டலத்தோடு நின்றுவிடும்.

1958-இல் எக்ஸ்புளோரர் 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் இயற்பியலாளர் வான் ஆலனின் குழு ஒரு கைகர் எண்ணியை, அதாவது வந்து விழும் கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கருவியை, வைத்து அனுப்பியது. உயரத்தில் அது பூஜ்யம் காட்டியது. துகளே இல்லை என்று அர்த்தமில்லை, எண்ண முடியாத அளவுக்கு வந்து கொட்டியதில் கருவி திணறி ஊமையாகிவிட்டது! ஆய்வகத்தில் அதே மாதிரி எண்ணியின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் பூஜ்யத்தைப் பார்த்தால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். 2012-இல் பறந்த, அவர் பெயர் கொண்ட வான் ஆலன் இரட்டை விண்கலங்களோ, சில வாரமே நீடித்த மூன்றாவது வளையத்தையும் கண்டன.

சரி, கவலைப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் போனுக்கு இல்லை. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் நிற்பது வெளி வளையத்துக்குள். சூரியப் புயலுக்குப் பிறகு அங்கே வேக எலக்ட்ரான்கள் பெருகி, கருவிகளின் மின்காப்புப் பொருளுக்குள் புகுந்து சேர்ந்து, ஒருநாள் பொறியாக வெடிக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு அப்படித்தான் தடுமாறின. 2018-இல் கஜா புயல் வேதாரண்யத்தை நெருங்கியதை நாம் பார்த்தது இன்சாட் படங்களில். அதனால்தான் இந்தத் துகள்களை விடாமல் அளக்கிறோம்.

அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. போனை அணைக்காதீங்க, ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை அதில்தான் வரும் என்றேன்.