வட்டத் தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு குட்டி ஹீட்டர்

கனடாவில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கும் வாசகர் கேட்கிறார்: "சுவரில் இருந்த வட்டத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வைஃபை உள்ளதை மாட்டப் பார்த்தேன். புதியது 'சி' வயர் கேட்கிறது. சுவருக்குள்ளிருந்து வருவதோ நான்கே வயர். பழையதற்கு பேட்டரியும் இல்லை, சி வயரும் இல்லை. அது மட்டும் எப்படி இத்தனை வருஷம் ஓடியது?"

பழையது, அறையின் சூட்டைப் பார்த்து ஃபர்னஸை, அதாவது வீட்டைச் சூடாக்கும் அடுப்பை, எரியவும் அணையவும் வைக்கும் வெறும் சுவிட்ச், அதனால்தான். ஃபர்னஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 120 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கிறது. அதன் ஒரு முனைதான் 'ஆர்' வயராகச் சுவருக்கு வருகிறது. ஆரை 'டபிள்யூ'வோடு சேர்த்தால் ஃபர்னஸ் எரியும், 'ஒய்'யோடு சேர்த்தால் ஏசி ஓடும், 'ஜி'யோடு சேர்த்தால் ஃபேன் சுற்றும். சி என்பது டிரான்ஸ்பார்மரின் மறுமுனை. சுற்று ஃபர்னஸுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அதைச் சுவர் வரை இழுத்துவர அன்றைக்கு யாருக்கும் தேவை இருக்கவில்லை.

சுவிட்சைத் தள்ளுவது, பள்ளியில் படித்த, சூட்டுக்கு ஏற்ப வளையும் அதே ஈருலோகப் பட்டை. இஸ்திரிப்பெட்டியிலும் அதுதான் இருக்கிறது. ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் நிறுவனம் 1953-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டில், பட்டையைச் சுருளாகச் சுற்றி, அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்திருப்பார்கள். குப்பிக்குள் ஒரு சொட்டுப் பாதரசம். அறை குளிர்ந்தால் சுருள் திரும்பும், குப்பி சாயும், பாதரசம் உருண்டுபோய் இரண்டு கம்பி முனைகளை இணைக்கும். மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி, சுருளின்மேல் வாயால் ஊதிப் பாருங்கள். அது அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் இது மட்டும் இருந்தால் வீட்டில் நிம்மதியாக உட்கார முடியாது. 20 டிகிரி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அறை 20-ஐத் தொட்டதும் சுவிட்ச் அணைகிறது. ஃபர்னஸுக்குள் இருக்கும் இரும்போ இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டை வீணாக்காமல் ஃபேன் மேலும் கொஞ்ச நேரம் ஓடி வெளியே தள்ளும். போதாக்குறைக்கு, தெர்மோஸ்டாட் சூடாவதே அறைக் காற்று சூடான பிறகுதான். அறை 21-ஐத் தாண்டும், பிறகு இறங்கும், மறுபடி ஏறும். ஊஞ்சல்தான்.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து எனக்கு மிகவும் பிடித்தமானது. மூடிக்குள் உற்றுப் பாருங்கள். 0.1 முதல் 1.2 வரை எண்கள் பொறித்த சின்ன அளவுகோலும், அதன்மேல் நகரும் ஒரு முள்ளும் இருக்கும். அடியில் மெல்லிய மின்தடைக் கம்பி. பெயர் ஆன்டிசிபேட்டர். ஃபர்னஸின் கேஸ் வால்வுக்குப் போகும் அதே மின்னோட்டம் இந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது. ஃபர்னஸ் எரியும்போது கம்பியும் லேசாகச் சூடாகி, பக்கத்தில் இருக்கும் ஈருலோகச் சுருளையும் சூடாக்கும். அறை பத்தொன்பதரையில் இருக்கும்போதே சுருளுக்கு 20 வந்தாயிற்று என்று தோன்றிவிடும். சுவிட்ச் அணைகிறது. ஃபர்னஸில் மிச்சமிருக்கும் சூடு மீதி அரை டிகிரியை ஏற்றிவிடும். மின்னோட்டம் நின்றதும் கம்பியும் ஆறிவிடுவதால் அடுத்த சுற்றுக்கு சுருள் மறுபடி உண்மையைச் சொல்லத் தொடங்கும்.

கணினி இல்லை, நிரல் இல்லை, தனி மின்சாரமும் இல்லை. ஃபர்னஸ் எரிகிற நேரத்தில் மட்டும் சொல்லப்படும் ஒரு பொய், அவ்வளவுதான்!

சரி, அளவுகோல் எதற்கு? ஒவ்வொரு கேஸ் வால்வும் இழுக்கும் மின்னோட்டம் வேறு. கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. எனவே வால்வில் 0.4 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் முள்ளையும் 0.4-இல் வைக்க வேண்டும். முள் நகரும்போது, மின்னோட்டம் போகும் கம்பியின் நீளம் கூடும் அல்லது குறையும். பொய் அளவுக்கு மீறினால் ஃபர்னஸ் அடிக்கடி அணைந்து எரியும். குறைந்தால் பழைய ஊஞ்சல்.

ஏசிக்கு இதையே தலைகீழாகச் செய்தார்கள். அங்கே மின்தடை சுவிட்சுக்குப் பக்க இணைப்பில் இருக்கும். சுவிட்ச் திறந்திருக்கும்போது, அதாவது ஏசி ஓடாதபோது, துளி மின்னோட்டம் இந்த மின்தடை வழியாகவும் ஏசியின் ரிலே (மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருள் வழியாகவும் கசியும். ரிலேயை இழுக்க அது போதாது, பட்டையைச் சூடாக்கப் போதும். அதனால் ஏசி கொஞ்சம் முன்கூட்டியே ஓடத் தொடங்கும்.

இந்தக் கசிவு வித்தையைத்தான் சி வயர் இல்லாமல் ஓடும் இன்றைய தெர்மோஸ்டாட்டுகள் சிலவும் செய்கின்றன. திரைக்கும் வைஃபைக்கும் எந்நேரமும் மின்சாரம் வேண்டும். அதை ரிலே சுருள் வழியாகத் துளித்துளியாகத் திருடிக்கொள்கின்றன. திருட்டு கொஞ்சம் அதிகமானால் ரிலே கடகடக்கும், குறைந்தால் திரை அணைந்துபோகும். சி வயரைக் கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

பல வீடுகளில் ஐந்தாவது வயர் ஒன்று யாரும் இணைக்காமல் சுவருக்குள் மடித்துக் கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள். கிடைத்தால் மறுமுனையை ஃபர்னஸ் போர்டின் சி-யில் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் பிளக்கில் செருகும் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தனியாகவே விற்கிறது. பிரேக்கரை அணைத்து, பழைய இணைப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது ஆரும் சி-யும் உரசினால் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். சுவரில் தடித்த வயர்கள் தெரிந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அது 240 வோல்ட்டில் நேரடியாக ஓடும் மின்சார ஹீட்டராக இருக்கலாம். அதற்கான தெர்மோஸ்டாட்டே வேறு. வயர் வரும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று அடித்தால் எந்தத் தெர்மோஸ்டாட்டும் தப்பாகத்தான் காட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருகினால் சீக்கிரம் சூடாகும் என்பது சுத்த மூடநம்பிக்கை. சாதாரண ஃபர்னஸுக்கு எரிவது, அணைவது என்று இரண்டே நிலை, வேகமெல்லாம் கிடையாது. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுபவரைப் பார்த்துச் சிரிக்கும் இன்ஜினியர்களே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில் இப்படித் திருகினால் செலவு பிடித்த துணை ஹீட்டர் எரிந்து பில்தான் ஏறும்.

கழற்றிய பழைய வட்டத்தைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே இருப்பது பாதரசம், குப்பி உடைந்தால் ஆவி நச்சு. ஒரு கெட்டியான டப்பாவில் வைத்து, உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.