கிரேஸ்டோக் நிலமும் உங்கள் செட்டில்மென்ட் பத்திரமும்

"சார், பையன் அனுபவிக்கட்டும், அப்புறம் பேரன், அப்புறம் பேரனோட பிள்ளை. யாரும் விற்கவே கூடாது. அப்படி எழுதுங்க." செட்டில்மென்ட் எழுத வருகிற பெரியவர்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் அப்படி எழுதினால் நிற்காது. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஓர் இங்கிலாந்துக் குடும்பத்தின் கதை.

ஆரண்டெல் பிரபு ஹென்றி ஃப்ரெடெரிக் ஹோவர்ட். அவருடைய அப்பா கலைப்பொருள்களாக வாங்கிக் குவித்து, பெரும் கடனையும் வைத்துவிட்டுப் போனவர். மூத்த மகன் தாமஸுக்கு மனநலம் சரியில்லை. அவருக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனால் பட்டமும் குடும்பச் சொத்தும் இரண்டாவது மகன் ஹென்றிக்கு வந்துவிடும். அப்படி வந்தால் ஹென்றிக்காக ஒதுக்கிய கிரேஸ்டோக் நிலம் நான்காவது மகன் சார்லஸுக்குப் போகட்டும் என்று, 200 வருட உரிமையை டிரஸ்டிகள் பெயரில் வைத்து 1647-இல் எழுதினார். எனக்கு இது மிக நியாயமான ஏற்பாடாகவே படுகிறது.

1677-இல் தாமஸ் இத்தாலியின் பதுவையில் பிள்ளையில்லாமல் இறந்தார். ஹென்றி நார்ஃபோக் டியூக் ஆனார், ஆனால் கிரேஸ்டோக்கை விடவில்லை. தம்பி சார்லஸ் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிமன்றத்தின் தலைவரான லார்ட் சான்சலர் நாட்டிங்ஹாம் மூன்று தலைமை நீதிபதிகளைத் துணைக்கு அழைத்தார். மூவருமே சார்லஸுக்கு உரிமை இல்லை என்றார்கள். நாட்டிங்ஹாமோ 1682-இல் சார்லஸ் பக்கமே தீர்ப்பளித்தார். இந்த நிபந்தனை நடக்குமா நடக்காதா என்பது உயிரோடிருக்கும் ஒருவரின் ஆயுளுக்குள் தெரிந்துவிடும், அப்படியிருக்க நிலம் காலாகாலத்துக்கும் கட்டுண்டு கிடக்கும் என்று ஏன் பயப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் இறந்த பிறகு, அந்த மூவரில் ஒருவரான நார்த் அவர் இடத்துக்கு வந்து 1683-இல் தீர்ப்பை மாற்றினார். 1685-இல் மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை நாட்டிங்ஹாம் தீர்ப்பையே நிலைநிறுத்தியது.

அந்த வழக்கில் தொடங்கிய விதிதான் நம் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 14-ஆம் பிரிவில் இருக்கிறது: இப்போது உயிரோடிருப்பவர்களின் ஆயுள், அதற்குப் பிறகு ஒரு மைனர் மேஜராகும் காலம், அதற்குள் உரிமை போய்ச் சேர வேண்டும். 13-ஆம் பிரிவுப்படி, இன்னும் பிறக்காத பேரனுக்கு ஆயுள் பாத்தியம் (வாழும் வரை அனுபவிக்கும் உரிமை) மட்டும் கொடுக்க முடியாது, மிச்சமுள்ள முழு உரிமையையும் கொடுக்க வேண்டும். ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு "எக்காலத்திலும் விற்கக் கூடாது" என்றால், 10-ஆம் பிரிவுப்படி அந்த நிபந்தனை செல்லாது. உயிலுக்கும் இதே மாதிரி விதிகள் உண்டு.

மனநலம் குன்றிய பிள்ளை, கடன், சின்னப் பிள்ளைகள் என்று எதை நினைத்து எழுதினாலும் சரி, பத்திரம் எழுத வரும்போது குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.