தோட்டத்தில் பழம்பொருள் கிடைத்தால்: முத்திரை வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள்

மைலோ டின்னுக்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில பாசிமணிகளையும் ஒரு செங்கல் துண்டையும் வைத்திருந்தார் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டவை. அவர் தண்டலிடம், அதாவது வேலை மேற்பார்வையாளரிடம், சொன்னார். தண்டல் கிராணியிடம், அதாவது தோட்ட அலுவலக எழுத்தரிடம், சொன்னார். ஒரு நாள், கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து டின்னோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஓராண்டு கழித்துப் பெரியவரை அழைத்துக்கொண்டு நான் விசாரிக்கப் போனேன். அலுவலக முகப்பில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா?" இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவர் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது. பழங்காலத் தடயங்கள் நிறைந்த பூஜாங் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மண்ணைக் கிளறினால் ஏதாவது கிடைப்பது புதிதல்ல. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய பழைய உலைகள் வெளிப்பட்டதும் செம்பனைக் காட்டில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் உடனே தகவல் தர வேண்டும். யாரிடம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரபுடைமை ஆணையர், அவர் அதிகாரம் அளித்த அலுவலர், மாவட்ட அதிகாரி: இந்த மூவரில் ஒருவரிடம் சொன்னால்தான் கணக்கு. தண்டலிடம், மேனேஜரிடம், கோயில் தலைவரிடம், சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரிடம் சொன்னதெல்லாம் சொன்னதாகவே ஆகாது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது மாவட்ட அலுவலகம், அதாவது பெஜாபாட் டாயேரா. அங்கே போனால் "இது நில விவகாரம், பெஜாபாட் தானாவுக்குப் போங்கள்" என்பார்கள். நில அலுவலகத்தில் "அருங்காட்சியகத்தைக் கேளுங்கள்" என்பார்கள். அருங்காட்சியகத்தில் "கடிதம் கொண்டுவாருங்கள்" என்பார்கள். ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்தவனை இப்படி மூன்று வாசல் ஏறி இறங்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை. வாயால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மாவட்ட அதிகாரி பெயருக்குக் கடிதம் எழுதி, இரண்டு படிகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை போட்டு வாங்குங்கள். "அதெல்லாம் வேண்டாம், வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் வைக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரிடமாவது கேட்டால் அரை மணி நேரத்தில் எழுதித் தருவார்.

கடிதத்தில் முக்கியமான வரி, கண்டெடுத்தவர் யார் என்பது. தோட்ட நிர்வாகம் தானே தகவல் தருவதாகச் சொல்லி, கம்பெனி பெயரை மட்டும் எழுதிவிடும். சம்மதிக்காதீர்கள். நிலம் கம்பெனியுடையதாக இருக்கலாம், கண்டெடுத்தவர் நீங்கள். இழப்பீடு என்ற பேச்சு எழுந்தால் இந்த ஒரு வரிதான் உங்களுக்காகப் பேசும். அடையாள அட்டை எண், கிடைத்த நாள், காட்டு எண் (தோட்டத்தில் எந்தக் காடு என்பது), எத்தனை அடி ஆழம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பொருளின் பக்கத்தில் இருபது சென் காசு ஒன்றை வைத்துப் படம் எடுத்து இணையுங்கள். பொருளை ஒப்படைக்கும்போது எத்தனை பாசிமணி, என்ன நிறம் என்று பட்டியலிட்டு, வாங்குபவரின் பெயரும் பதவியும் கையெழுத்தும் பெறுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டை ரசீது ஆகாது.

கழுவாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சிதான். இன்னும் இருக்கிறதா பார்ப்போம் என்று தோண்டவும் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். நல்ல எண்ணத்தோடு தகவல் தர வந்தவரே குற்றவாளியாக நிற்கும் நிலை வரலாம். ஐம்பது ரிங்கிட்டை நீட்டும் வெளியூர் வியாபாரியிடம் பேச்சே வேண்டாம்.

தகவல் கொடுத்துவிட்டோம், இனி இடம் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நில விவகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. மாநிலத்தின் இசைவில்லாமல் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க முடியாது. சுங்கை பத்து தோட்டத்துப் பதினொன்றாம் எண் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) 1930களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்த இடம். நிலத்தைச் சமன்படுத்தியபோது அது இடித்துத் தள்ளப்பட்டது 2013இல் வெளியே தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் யார் கேட்பது? அமைச்சருக்கும் ஆணையருக்கும் ஆலோசனை சொல்வதற்கென்று தேசிய மரபுடைமை மன்றம் இருக்கிறது. மலாயில் மஜ்லிஸ் வாரிசான் கெபாங்சாஆன். அதில் உயர் அதிகாரிகள் பதவி வழியாக உட்காருகிறார்கள். மற்றவர்களை அமைச்சர் நியமிக்கிறார். தேர்தல் கிடையாது. "படிப்பு இல்லை, நமக்கு எங்கே இடம்" என்று தோட்டத்து மக்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். மரபுப் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர்களும் நியமனத்துக்கு உரியவர்களே. ஆனால் நாற்பது ஆண்டு அந்த மண்ணில் நடந்த அனுபவத்தை எழுத்தில் காட்டாவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. முத்திரையிட்ட கடிதங்கள், படங்கள், நீங்கள் வழிகாட்டிய ஆய்வாளர்கள் தரும் நற்சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். ஊர்ச் சங்கம் தன் கடிதத்தாளில் அமைச்சருக்குப் பெயரைப் பரிந்துரைத்து எழுதட்டும். நியமனம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது; எழுதாத பெயர் அமைச்சர் மேசைக்குப் போகவே போகாது.

மன்றத்தில் இடம் இல்லாமலும் ஒன்று செய்யலாம். ஓர் இடத்தையோ பொருளையோ தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி அமைச்சருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதற்குரிய படிவத்தை ஜபாத்தான் வாரிசான் நெகாராவில், அதாவது தேசிய மரபுடைமைத் துறையில், கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல் எழுதுங்கள், பழைய கடிதத்தின் தேதியையும் எண்ணையும் முதல் வரியிலேயே போட்டு.