பாய்ந்து வரும் ஏவுகணையை வரைவது எப்படி? இச்சிரோ இடானோவின் கணக்கு

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் ஏவுகணைக் காட்சிகள் சிலவற்றைப் பார்க்கும்போது உடல் தன்னையறியாமல் பின்வாங்குவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விடை சொல்ல ஜப்பானிய அனிமே ஓவியர் இச்சிரோ இடானோவின் ஓவியங்களைவிடச் சிறந்த சான்று கிடையாது. 1959இல் யோகோஹாமாவில் பிறந்த இடானோ, 1979இல் வெளியான ‘மொபைல் சூட் கண்டம்’ தொடரிலும் அதையடுத்து ‘ஐடியான்’ தொடரிலும் பணியாற்றி, 1982இல் ஒளிபரப்பான ‘மேக்ரோஸ்’ தொடரில் உச்சம் தொட்டார். ஏராளமான ஏவுகணைகள் புகை கக்கியபடி வளைந்து நெளிந்து விமானத்தைத் துரத்தும் காட்சிகளுக்கு ‘இடானோ சர்க்கஸ்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம்களில் ஓடுகிறது என்பதும், செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று பிரேம்களுக்கு நிறுத்தி வைப்பார்கள் என்பதும் பலரும் அறிந்தவை. முதன்மை ஓவியர் முக்கிய நிலைகளை வரைந்து தர, இடைப்பட்ட ஓவியங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். சிக்கல் தொடங்குவது இந்த இடைப்பட்ட ஓவியங்களில்தான்.

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியும் அளவு, தொலைவுக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. சீரான வேகத்தில் நேரே நம்மை நோக்கி வரும் ஏவுகணை, 50 மீட்டர் தொலைவில் தாளில் 2 செ.மீ. அகலம் கொண்டிருந்தால், 10 மீட்டரில் 10 செ.மீ. ஆகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் ஓவியம் வேண்டுமென்றால், பழக்கப்பட்ட கை சராசரியை எடுத்து 6 செ.மீ. என்று வரைந்துவிடும். ஆனால் பாதி நேரத்தில் ஏவுகணை இருக்க வேண்டிய இடம் 30 மீட்டர். அங்கே அதன் அகலம் 3.3 செ.மீ. மட்டுமே. 6 செ.மீ. என்று வரைந்தால் என்ன பொருள்? முதல் பாதி நேரத்தில் 33 மீட்டர் பாய்ந்த ஏவுகணை, மறுபாதியில் 7 மீட்டர்கூட நகராமல், நம்மை நெருங்கும் அந்தக் கணத்திலேயே வேகம் குன்றிவிட்டது என்று பொருள். பார்ப்பவர் கணக்குப் போடுவதில்லை, ஆனால் அவருடைய மூளை போட்டுவிடுகிறது. விழித்திரையில் படியும் உருவத்தின் அளவை அது பெருகும் வேகத்தால் வகுத்தால், மோதலுக்கு எஞ்சியிருக்கும் நேரம் கிடைக்கும் என்றும், தொலைவோ வேகமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றும் உளவியலாளர் டேவிட் லீ 1976இல் காட்டினார். வெட்டுக்கிளியின் பார்வை மண்டலத்தில்கூட நெருங்கிப் பெருகும் உருவத்துக்கென்றே கிளர்வுறும் நரம்பணு ஒன்று உண்டு.

என்னை மிகவும் கவர்வது புகைதான். ஏவுகணையின் முனை அது இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. புகையோ அது கடந்து வந்த இடங்களையெல்லாம் காட்டுகிறது. தொலைவில் நூலாய் இருந்து அருகே வரவரத் தடித்துச் சுருளும் அந்தக் கோட்டினால், ஒற்றை ஓவியத்துக்குள்ளேயே ஆழமும் காலமும் சேர்ந்து அமைந்துவிடுகின்றன. பார்வைக்கோணமும் உடன் நகரும்போது, ஏற்கெனவே வரைந்த புகைக்கோடு முழுவதையும் ஒவ்வோர் ஓவியத்திலும் புதிய கோணத்திலிருந்து மறுபடி வரைய வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஏவுகணைக்கும் தனித்தனியாக. இதைப் பிறவி வரம் என்று சொல்லிக் கடந்துபோவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி. இளமையில் மோட்டார் சைக்கிளில் ராக்கெட் வாணங்களைக் கட்டி, ஓட்டிக்கொண்டே வெடிக்கவிட்ட அனுபவத்தை இடானோவே சொல்லியிருக்கிறார். பார்ப்பவரும் நகர்ந்துகொண்டிருக்கையில் வாணத்தின் பாதை எப்படித் தெரியும் என்பதை அவர் கண்ணால் கண்டு கற்றிருக்கிறார்.

ஏவுகணைகளுக்கு அவர் மூன்று குணங்களையும் வகுத்தார். ஒன்று இலக்கை நோக்கி நேரே செல்லும். ஒன்று இலக்கு போகப்போகும் இடத்தைக் கணித்து முந்திச் செல்லும். ஒன்று தடம் மாறி அலையும். எல்லாம் ஒரே திசையில் சென்றால் கண் அவற்றை ஒரே கூட்டமாகத் தொகுத்து எளிதில் பின்தொடர்ந்துவிடும். தனித்தனியே நகரும் பொருள்களில் ஏறத்தாழ நான்கைத்தான் நம் கவனத்தால் ஒருசேரப் பின்தொடர முடியும். அதற்கு மேல் போனால் திணறுகிறது. அந்தத் திணறலைத்தான் நாம் வேகமாக உணர்கிறோம்.

2002இல் தொடங்கிய ‘மேக்ரோஸ் ஜீரோ’வில் இடானோ கணினி வரைகலைக்கு மாறினார். தொலைவுக்கும் அளவுக்குமான கணக்கைக் கணினி தானாகவே பிழையின்றிப் போட்டுவிடுகிறது. எந்த ஏவுகணை முந்த வேண்டும், எது வழிதவற வேண்டும் என்பதை மட்டும் இன்றைக்கும் ஓர் ஓவியர்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.