கடலோரம் கிளம்பும் முன் டயரின் வயதைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறையை மூடப் போகும் நேரத்தில் வரும் காரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மறுநாள் அந்தக் குடும்பம் எங்கோ கிளம்புகிறது என்று. பின்சீட்டில் பாய் சுருட்டி வைத்திருக்கும், ஐஸ் பெட்டி இருக்கும், பிள்ளைகள் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். "எண்ணெய் மட்டும் பாருங்க தம்பி, காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்பார்கள்.

பந்திங்கில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். என்னிடம் வரும் கார்களில் பாதி, வீட்டிலிருந்து தோட்டத்து மில், பள்ளிக்கூடம், கோயில், சந்தை என்று பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே ஓடுபவை. அப்படி ஓடும் கார் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். அதில் ஐந்து பேரை ஏற்றி, வெயிலில், ஒரே நாளில் 250 கிலோமீட்டர் ஓட்டும்போதுதான் அதன் உண்மையான நிலை வெளியே வரும். கிளம்புவதற்கு முந்தின இரவு எண்ணெய் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு வாரம் முன்னால் வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நம் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பழைய இடங்கள் அவ்வளவு இருக்கின்றன. பக்கத்திலேயே ஜுக்ரா. கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே உள்ள கட்டடம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்ததும் அடக்கமானதும் இங்கேதான். 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்டவர். அவருக்குப் பின் வந்த பேரன் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா 1905இல் கட்டிய இஸ்தானா பண்டார் அரண்மனையும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் மோரிப் கடற்கரை, தஞ்சோங் சிப்பாட் மீனவர் கிராமம். கூட்டரசு சாலை 5ஐப் பிடித்துத் தெற்கே போனால் லுக்குட்டில் ஈயச் சுரங்கக் காலத்து ராஜா ஜுமாட் 1847இல் கட்டிய கோட்டை மேடு, போர்ட்டிக்சனைத் தாண்டினால் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். இன்னும் போனால் மலாக்கா. 1781இல் எழும்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் வீடுகள். தமிழ் வம்சத்தில் வந்து, மலாய் பேசி, இன்றும் பொங்கல் வைக்கும் மக்கள் அவர்கள். நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மகளுடன் வந்தார். வயது எழுபதுக்கு மேல். ஜுக்ராவுக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் வாழ்ந்தும் அந்த அரண்மனையைப் பார்த்ததில்லையாம். மகள் அதையும் காட்டி, மலாக்கா வரை அழைத்துப் போவதாகத் திட்டம். கார் சுத்தமாக இருந்தது. டயரின் வரிப்பள்ளங்களும் ஆழமாகவே இருந்தன. "அதான் நல்லா இருக்கே" என்றார் மகள்.

கைவிளக்கை அடித்து டயரின் பக்கவாட்டைக் காட்டினேன். டி ஓ டி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு குறியீடு ஓடும். அதன் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். சில நேரம் அந்த எண்கள் உள்பக்கமாகத் திரும்பி இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். அவர்கள் காரில் இருந்த டயர்களுக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. குறைவாக ஓடும் கார் என்பதால் வரிகள் தேயவில்லை. ரப்பர் மட்டும் வெயிலில் நின்று நின்று காய்ந்துவிட்டது.

பெரியவர் குனிந்து, கட்டை விரல் நகத்தால் டயரின் ஓரத்தை அழுத்தினார். முடி போலச் சன்னமான வெடிப்புகள் வாய் திறந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "இது செத்த ரப்பரும்மா. வெயில்ல கெடந்த ஒட்டுப்பால் மாதிரி ஆயிருச்சு. நாளைக்குப் போக வேணாம்" என்றார். நான் பத்து நிமிடம் விளக்க வேண்டியதை அவர் நகமே சொல்லிவிட்டது. ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள்.

சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். வயதை யாரும் பார்ப்பதில்லை. ஆறு வயதுக்கு மேல் போன டயரை வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வயதானால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். டயர் விற்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். அதனால்தான் எண்ணை நீங்களே படிக்கச் சொல்கிறேன். எந்தக் கடையில் வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் அந்த நான்கு எண்களைப் பாருங்கள். பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

காற்று குறைந்த டயர் சுற்றும்போது பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு ஏறுகிறது. ஐந்து பேர் பாரம், பகல் வெயில், கொதிக்கும் தார் எல்லாம் சேரும்போது காய்ந்த ரப்பர் வெடிக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பாரம் ஏற்றினால் எவ்வளவு காற்று வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். காலையில் கிளம்பும்போதே, டயர் சூடாகும் முன் அளந்து அடியுங்கள். ஸ்பேர் டயரையும் மறக்காதீர்கள். நடுரோட்டில் ஸ்பேரை எடுத்து அமுக்கினால் தலையணை போல அமுங்கும், அப்படிப்பட்ட போன் அழைப்புகள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. சில புதிய கார்களில் ஸ்பேரே கிடையாது, ஒட்டும் மருந்தும் சின்னப் பம்பும்தான். உங்கள் காரில் எது இருக்கிறது என்று வீட்டிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். அதனால் மின்விசிறி கெட்டிருந்தாலும் தெரியாது. விடுமுறை நாளில் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் விசிறிக்கு வேலை வரும், அப்போதுதான் அது சுற்றவில்லை என்று தெரியும். பல சிறிய கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், ஒரு மணி நேரமானாலும் ஆறட்டும். கொதிநீர் பீய்ச்சி முகம் வெந்துபோன ஒருவரை நானே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றி வருபவர்கள், பயணத்துக்கு முன் கழுவி கூலண்ட் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஜுக்ரா மலைப்பாதை குறுகல், சரிவும் அதிகம். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் டி கியரிலேயே விட்டுவிட வேண்டாம், அதற்குக் கீழே உள்ள கியருக்கு மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இப்படிப்பட்ட இறக்கத்தில்தான் பெடல் அமுங்கிப் போகும்.

இனி மோரிப். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பின் பெரும் படை அந்தக் கரையில் வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் எதிர்த்துச் சுட ஆள் இல்லை. அப்படியும் கப்பலிலிருந்து இறக்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. மேலே மணல், கீழே களிமண். ஒரு படையின் லோரிகளையே இழுத்துக்கொண்ட தரை அது. இன்றும் அதே தரைதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சித்தப்பா வேனில் போனோம். கடல் வெகு தூரம் உள்ளே போயிருந்தது. கரை காய்ந்து கெட்டியாகத் தெரிந்தது. பாட்டியால் நடக்க முடியாது என்று சித்தப்பா வேனை மணலில் இறக்கினார். முப்பதடி போயிருப்போம், முன் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. அவர் எஞ்சினை முறுக்க முறுக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொண்டது. பாட்டியைத் தூக்கி வந்து கரையில் உட்கார வைத்தார்கள். அப்பாவும் மற்றவர்களும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. மீனவர்கள் கயிறு கொண்டு வந்து இழுத்தபோது உப்புத் தண்ணீர் சீட்டுக்கு வந்திருந்தது. வேன் மீண்டது, ஆனால் அடுத்த வருடமே அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து விற்க வேண்டியதாயிற்று. சித்தப்பா அதற்குக் கட்டிய கடன் அதன் பிறகும் இரண்டு வருடம் ஓடியது.

கடல் இறங்கி முடிப்பதற்கும் ஏறி முடிப்பதற்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். சீராக ஏறாது. தொடக்கத்தில் மெதுவாக ஏறி, நடுவில் இரண்டு மணி நேரம் வேகமெடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் பெரிது. கிள்ளான் துறைமுக அட்டவணையில் 5 மீட்டருக்கு மேல் போகும் நாள்கள் உண்டு. அந்த நாள்களில் கரையோரத் தாழ்வான சாலைகளிலும் உப்புத் தண்ணீர் ஏறும். கிளம்பும் முன் நாள்காட்டியைப் பாருங்கள், அலை அட்டவணையையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தவறி இறங்கிச் சிக்கிக்கொண்டால் முதல் வேலை எண்ணெய்ப் பெடலை மிதிப்பதை நிறுத்துவது. எல்லாரும் இறங்கட்டும். எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் கால்மிதியோ, செம்பனை மட்டையோ கிடைத்ததைப் போட்டு, கியரைக் குறைத்து மெதுவாக நகர்த்துங்கள். கட்டி இழுப்பதானால் பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, காரோடு வந்த கொக்கியைத் திருகி, அதில் கட்டுங்கள். கையில் கிடைத்த கம்பியில் கட்டி இழுத்து சஸ்பென்ஷன் வளைந்து வந்த கார்கள் ஏராளம்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். அப்போது எஞ்சினே மாற்ற வேண்டி வரலாம். இன்னொன்று, முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வெள்ளம், இயற்கைப் பேரிடர் எல்லாம் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் அதில் வரும். உங்கள் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 முதல் சட்டம். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். பாட்டி மடியில் பேரன் உட்கார்ந்து போவது பார்க்க அழகு, ஆனால் திடீரென்று பிரேக் அடித்தால் எந்தப் பாட்டியின் கைக்கும் அவனைப் பிடிக்கும் பலம் இருக்காது.

அந்தப் பெரியவர் குடும்பம் அடுத்த சனிக்கிழமை போய்விட்டு, திங்கட்கிழமை காலை பட்டறைக்கு வந்தார்கள். அரண்மனையைப் பார்த்து, மலாக்கா போய், பொய்யாத விநாயகருக்குத் தேங்காய் உடைத்துத் திரும்பும் வழியில் மோரிப்பிலும் நின்றார்களாம். காரை ஜாக்கியில் ஏற்றினேன். சக்கரத்தின் உள்பக்கம் கைவிட்டுப் பார்த்தேன். செம்மண் தூசியும் லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனை நாரும்தான் இருந்தன, மணல் ஒரு பொட்டும் இல்லை.

"தாரிலேயே நிறுத்தச் சொல்லிட்டேன் தம்பி. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தோம். கடல் ரொம்ப தூரத்துல இருந்துச்சு" என்றார்.

ஆனாலும் கடற்காற்றில் வரும் உப்பு அடித்தகட்டில் ஒட்டும். குழாயை அடியில் நீட்டி, நான்கு சக்கர வளைவுகளையும் பிரேக்கையும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவி அனுப்பினேன்.